சாயம் தூக்கலா ஒண்ணு

குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்தனுப்பிய காசோடு வந்த மந்திரி, வந்த வேலையை மறந்து இங்கேயே உட்கார்ந்து, அந்தக் காசில் கோயிலையும் கட்டிவிட்டார் என்று மாணிக்கவாசகரைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் எங்கள் ஆவுடையார்கோவில். அப்படிப்பட்ட ஊரில், மண்ணெண்ணெய் வாங்கக் கொடுத்தனுப்பிய காசோடு போன பையன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான் என்றால் அதை மரபு என்றுதான் சொல்ல வேண்டும். என் அப்பா அப்படிச் சொல்லவில்லை.

எங்கள் வீடு காப்பிக் கட்சி. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் பிறக்கும்வரை நாங்கள் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள். மாவட்டம் மாறினாலும் அடுக்களையில் இருந்த பித்தளை பில்டர் தஞ்சாவூரிலேயே இருந்துவிட்டது. டீ என்பது வெளியே குடிப்பது, வேலைக்காரர்கள் குடிப்பது, குடித்தால் கறுத்துப் போவோம் என்று சொல்லி வளர்த்தார்கள். தாத்தாவுக்கு அதன்மேல் தனிக் கோபம். 1930களில் தேயிலை விற்பனையைப் பெருக்க அமைத்த வாரியத்தார் ஊர் ஊராகப் போய், போடும் பக்குவத்தைக் காட்டி, ஓசியில் ஊற்றிக்கொடுத்து நாக்குகளைப் பிடித்த கதையைச் சொல்லி, “ஓசியில வந்தது எதுடா உருப்பட்டிருக்கு?” என்பார். சொல்லிவிட்டு, சாயங்காலம் சந்தைப் பக்கம் போய் யாருக்கும் தெரியாமல் ஒன்று குடித்துவிட்டு வருவார் என்பது அவர் போன பிறகுதான் தெரிந்தது.

கோயில் பக்கம் அப்போது ஒரு கீற்றுக் கொட்டகைக் கடை இருந்தது. உள்ளே ஆத்மநாதருக்கு உருவம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். புழுங்கலரிசிச் சோற்றைக் கீரையோடும் பாகற்காயோடும் சுடச்சுடப் படைப்பார்கள், அதிலிருந்து எழும் ஆவிதான் நைவேத்தியம். கையில் காசில்லாத நாட்களில் நாங்களும் கொட்டகைக்கு எதிரே நின்று அந்த முறையில்தான் டீயை ஏற்றுக்கொண்டோம். பித்தளைப் பாய்லருக்குள் ஒரு காசு போட்டு வைத்திருப்பார் மாஸ்டர். தண்ணீர் கொதித்தால் அது கடகடவென்று குலுங்கும், குலுங்குகிற சத்தத்தை வைத்தே எந்தச் சூட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இலங்கை வானொலி பாடிக்கொண்டிருக்கும். ‘தினத்தந்தி’ நாலு தாளாகப் பிரிந்து நாலு பேர் கையில் இருக்கும். கொலைச் செய்தி வந்த தாள் கைக்கு வருவதற்குள் இரண்டாவது டீ சொல்லியாக வேண்டும், கடைக்காரரின் வியாபார நுட்பம் அதில்தான் இருந்தது.

நாங்கள் ஐந்து பேர், ஐந்து ருசி. ஒருவனுக்கு ஆத்தாமல், உதடு பொத்துப்போகிற சூட்டில் வேண்டும். ஒருவனுக்குப் பாலாடை மிதக்க வேண்டும். ஒருவனுக்கு லைட்டாக, பாலுக்குத் தேயிலையை அறிமுகம் செய்துவைத்தால் போதும். ஒருவன் பொறையை முக்கி எடுத்துத் தின்றுவிட்டு, மிச்சக் குழம்பலைக் கடைசியில் அண்ணாந்து விட்டுக்கொள்வான். டீ அவனுக்குத் தொடுகறி. நான் மட்டும் “சாயம் தூக்கலா, ஸ்ட்ராங்கா ஒண்ணு” என்பேன், அதுவும் தெரு முனைவரை கேட்கிற மாதிரி. அறந்தாங்கிக்குப் படிக்கப் போய்வந்த வயது அது. கசப்பைக் குடிப்பவன் வாழ்க்கையில் அடிபட்டவன் என்று சினிமாவில் பார்த்துத் தெரிந்துகொண்டிருந்தேன், அடிபட வாய்ப்புத்தான் அமையவில்லை. நாக்கு சுருண்டுகொள்ளும், கண்ணில் நீர் முட்டும், “எப்படி இருக்கு தம்பி?” என்று மாஸ்டர் கேட்பார், “இன்னும் கொஞ்சம் தூள் போட்டிருக்கலாம்ணே” என்பேன்.

அந்தக் கசப்புக்கு ஒரு கதை உண்டு. 1930இல் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர், தேயிலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் ஓர் உருளை இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். சுருள் இலையாக இருந்தது அதன் பிறகுதான் குருணையாகவும் டஸ்ட்டாகவும் மலிவாகப் பெருகியது. பொடி நுணுக்கமாக இருந்தால் சாயம் சட்டென்று இறங்கும், ஒரு கிலோவுக்கு அதிக டீ தேறும். பாலும் சர்க்கரையும் கொட்டி அடக்கினாலும் அடங்காத திமிர் அதற்கு உண்டு. சீமையில் இருந்தவர்கள் இலையைக் குடித்தார்கள், நாம் தூசியைக் குடித்தோம், உண்மையைச் சொன்னால் நம்முடையதுதான் ருசி.

எங்கள் தெருவில் அதை ஒத்துக்கொள்ளாத ஓர் அம்மா இருந்தார். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் எழுதப்பட்டுக் கப்பலேறி வந்தவர், இலங்கை மலைநாட்டில் கொழுந்து பறித்தவர். பால் ஊற்றமாட்டார். வெறும் சாயத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டி. ஒரு கடி, ஒரு மடக்கு. “தேத்தண்ணிய இப்படிப் பாலுல முக்கிக் கொல்றீங்களேப்பா” என்பார். வந்தவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் போட்டதே, அதில் கூடலூர்ப் பக்கம் அவர் உறவுக்காரர்கள் இருந்தார்கள். அங்கிருந்து எப்போதாவது ஒரு பொட்டலம் வந்தால் அன்றைக்குத் தெருவே அவர் திண்ணையில் இருக்கும். நல்ல இலையெல்லாம் ஏலத்துக்குப் போகும், பறித்தவளுக்குக் கடைசியில் மிஞ்சியதுதான் என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். எங்களுக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது, அப்போது.

மீமிசல் பக்கத்துச் சபராளிகள் சிங்கப்பூரிலிருந்து வந்தால் வேறு பாஷை. பால் இல்லாமல் என்றால் ‘தே ஓ’, சர்க்கரையும் இல்லாமல் என்றால் ‘தே ஓ கோசோங்’, டின் பால் விட்டு ஆத்தி இழுத்தால் ‘தே தாரேக்’. நம் ஆள் நெடுங்காலமாக மூன்று முழம் ஆத்திக்கொண்டிருந்தது அவர்களுக்குக் கண்ணில் படாமல், அங்கே ஒருவன் ஆத்துவதை வாய் பிளந்து சொல்வார்கள். கடல் தாண்டினால்தான் எதற்கும் மரியாதை.

இப்போது மாஸ்டரின் நினைவாற்றலைப் பற்றிப் பேச்சு வந்தால் நண்பர்கள் உருகுவார்கள். தூரத்தில் தலை தெரிந்தாலே நம் ருசிக்கு டீ தயாராகிவிடுமே, அதெல்லாம் இனி வருமா என்பார்கள். நானும் உருகுவேன், பாதிவரை. யாருக்கு எந்த ருசி என்பதை மறக்காத அந்த மனிதர் யாருக்கு எந்தக் குவளை என்பதையும் மறக்காதவர். கொட்டகைச் சரிவில் அலுமினியக் குவளைகள் செருகியிருக்கும். நடவு முடித்து வருகிறவர்கள் தாங்களே உருவி எடுத்து, நின்றபடி குடித்து, தாங்களே கழுவி, திரும்பச் செருக வேண்டும். அதைக் குற்றமாக்கும் சட்டம் 1955லேயே வந்தாயிற்று. எங்கள் கொட்டகைவரை அது நடந்துவர நாளாகியது. பெஞ்சில் இருந்த ஐந்து பேரின் ருசியை இவ்வளவு விவரமாகச் சொல்கிறேனே, அந்தக் குவளைகளை உருவியவர்கள் லைட்டாகக் குடித்தார்களா ஸ்ட்ராங்காகக் குடித்தார்களா என்று எனக்குத் தெரியாது. அவர்களை யாரும் கேட்டதில்லை.

போராடி, வழக்குப் போட்டுக் குவளையை ஒழித்த ஊர்கள் உண்டு. எங்கள் கடையில் அதை ஒழித்தது பேப்பர் கப். மூணு மடக்குக்கு மேல் கொள்ளாது, சூடு விரலுக்கு முதலில் போய் நாக்குக்குப் பிறகு வரும், வாயில் மெழுகு வாசம். ஆனால் எல்லாருக்கும் அதே கப், எல்லாரும் ஒரே மாதிரி நசுக்கி ஒரே டப்பாவில் போடலாம். இவ்வளவு சுலபமாக வந்த சமத்துவத்தை 2019 ஜனவரி முதல் தேதியில் அரசாங்கம் பிளாஸ்டிக் பூச்சுக்காகத் தடை செய்தது. அடுத்த வருடம் கொரோனா வந்து அதையே மறுபடி கூப்பிட்டு உட்காரவைத்தது.

கொட்டகை இருந்த இடத்தில் இன்று கண்ணாடிக் கதவுக் கடை. பலகையில் இஞ்சி டீ, ஏலக்காய் டீ, லெமன் டீ, சாக்லேட் டீ, ஆவாரம்பூ டீ, கிரீன் டீ. பாய்லரில் காசு குலுங்குவதில்லை. காசு வந்ததும் கல்லாவில் இருக்கும் ஒரு பெட்டி ஒரு பெண் குரலில் கணக்குச் சொல்கிறது, நாம் கொடுத்த தொகை தெருவுக்கே தெரிகிறது. டீ போடுகிற பையன் ஒடிசாவிலிருந்து வந்தவன், தங்கமானவன். என் ருசி அவனுக்குத் தெரியாது, என் சாதியும் தெரியாது. ஒன்றுக்காக வருந்தும்போதே இன்னொன்றுக்காக நிம்மதியாக இருக்கிறது, இரண்டையும் ஒரே மடக்கில் விழுங்க வேண்டியிருக்கிறது.

போன தை மாதம் நாங்கள் ஐந்து பேரும் ஒன்றாக அங்கே மாட்டினோம். பலகையை ஆற அமரப் படித்தோம், ஆவாரம்பூவைப் பற்றிக் கொஞ்சம் விவாதம்கூட நடந்தது. பையன் பொறுமையாக நின்றான். கடைசியில் பாலாடைக்காரன் பெருமூச்சு விட்டு விரலைக் காட்ட, பையன் உள்ளே திரும்பி, வந்து கற்றுக்கொண்ட தமிழில் குரல் கொடுத்தான்: “அஞ்சு டீ. அஞ்சும் சக்கரை இல்லாம!”

டீ வந்தது. பொறைக்காரன் மட்டும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து காகிதத்தில் மடித்த ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

“என்ன மாப்ள இது?” என்றேன்.

“டீயில போடக்கூடாதுன்னுதான்டா டாக்டர் சொன்னாரு.”