மேற்பார்வை சார்

சென்னைப் புறநகரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். அரசு வேலையில் ஓய்வு பெற்று, கீழ் போர்ஷனை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில் குடியிருப்பவர். தனக்கென்று வேலை கிடையாது. அடுத்தவர் வேலையை மேற்பார்வை பார்க்காமல் பொழுதும் போகாது. அவர் வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தால் அன்றைக்குப் பண்டிகை.

மெஷின் எழுபது கிலோ. சுழலும்போது குதிக்காமல் இருக்க உள்ளேயே கான்கிரீட் கட்டியை வைத்து அனுப்புகிறார்கள். தூக்கி வந்தவர்கள் படித் திருப்பத்தில் முழி பிதுங்கி நிற்கும்போது, மேலிருந்து குரல் வரும்: "பாத்துப்பா, சுவத்துல பெயின்ட்!"

"பெட்ரூம்லயா சார் வைக்கணும்?"

"ஆமாம்பா. பக்கத்துலயே பாத்ரூம், நாலு படி ஏறினா மொட்டை மாடி. யோசிக்காம சொல்வேனா? தளமும் தாங்கும். சதுர மீட்டருக்கு 200 கிலோ கணக்கு."

கணக்கு சரிதான். தண்ணீர்தான் சார் பேச்சைக் கேட்காது. "தலைக்கு மேலயே டேங்க் இருக்கு, எப்படிக் கொட்டும் பாரு" என்பார், குழாய் சொட்டும். டேங்க் கிட்ட இருந்து பயனில்லை, உயரத்தில் இருக்க வேண்டும், மீட்டருக்கு 0.1 பார்தான் பிரஷர் வரும் என்று மெக்கானிக் பையன் விளக்குவான். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்பார் சார். பிரஷர் பம்ப் வரும்.

அடுத்து அவுட்லெட் ஹோஸ். பாத்ரூம் தரையில் போட்டால் போதும் என்பது சாரின் தீர்ப்பு. அப்படிப் போட்டால் உள்ளே வரும் தண்ணீர் நிற்காமல் வெளியே ஓடிவிடும் என்று பையன் அதை இரண்டடிக்கு மேலே தூக்கிக் கட்டுவான். இனி பாத்ரூம் கதவைச் சாத்தினால் ஹோஸ் நசுங்கும். துவைத்து முடிக்கிற வரை வீட்டில் எல்லோரும் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

பின்னால் இருக்கும் டிரான்சிட் போல்ட்டுகளைக் கழற்றிக் கொடுத்து, "வீடு மாத்தினா தேவைப்படும், பத்திரமா வைங்க" என்பான் பையன். சொந்த வீட்டுக்காரரான சார் அவற்றை பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டுவார்.

நிமிடத்துக்கு 1200 சுற்று எட்டியதும் கட்டில் நகரும். கீழ்வீட்டுக்காரர் மூச்சிரைக்கப் படியேறி வந்து, "சார், மாவு மில் ஏதாவது ஆரம்பிச்சிருக்கீங்களா?" என்பார்.

சார் ரசமட்டத்தை மெஷின் மேல் வைத்துக் காட்டுவார். "குமிழி நடுவுல நிக்குது பாருங்க. மெஷின்ல குத்தமில்ல. வீடு கட்டினவன் தளத்தைச் சரியாப் போடல."

கட்டும்போது மேற்பார்வை பார்த்தது யார் என்று கேட்கும் தைரியம் வாடகைக்கு இருப்பவருக்கு ஏது?

ஆள் பக்கத்தில் நிற்காமலே துவைக்கும் மெஷின் அது. ஆனாலும் சார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவுக்குள் தன் வேட்டி புரள்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த நேரத்தில் சமையலறைப் பக்கம் வந்து "கடுகு வெடிச்சாச்சா?" என்று கேட்பதில்லை. இதைக் கண்டுகொண்ட வீட்டம்மா, அழுக்குத் துணி இல்லாத நாளில் ஜன்னல் திரையைக் கழற்றிக் கொடுத்துவிடுகிறார்.