பரம திருப்தி

முற்றிய புற்றுநோயாளியின் குடும்பத்தைத் திருப்திப்படுத்துவது லேசான காரியமா? எங்கள் ஊர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்று அதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறது. பெயரைச் சொன்னால் கண் பட்டுவிடும்.

கருத்துப் படிவத்தை நீட்டும் நேரத்தைப் பாருங்கள். “இனி வீட்டில வெச்சுப் பாத்துக்குங்க” என்று சொல்லியாயிற்று. பில் கட்டி, ‘நோ டியூ’ சீட்டுக்காகக் கவுண்டரில் நிற்கிறோம். மாமா மேலே ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறார். அப்போது குறை எழுத யாருக்குக் கை வரும்? வரிசையாக ‘மிகவும் திருப்தி’ என்று டிக் அடித்தோம், சீட்டு வந்தது.

கேள்விகளும் கச்சிதம்: கேன்டீன், பார்க்கிங், லிஃப்ட். லிண்டா கிறிஸ்ட்ஜான்சன் என்ற செவிலியர் ஆய்வாளர் 1993-இல் இத்தகைய குடும்பங்களின் திருப்தியை அளக்கவென்றே ‘ஃபாம்கேர்’ என்று 20 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். வலி தணிந்ததா, நோயின் போக்கைச் சொன்னார்களா, தேவைப்பட்டபோது டாக்டர் கிடைத்தாரா என்றெல்லாம் அது விசாரிக்கும். நொந்திருப்பவர்களிடம் வலியைப் பற்றிப் பேசலாமா? எங்கள் ஆஸ்பத்திரிக்கு இங்கிதம் தெரியும்.

வலி தணிக்கும் ‘மார்பின்’ மருந்து விஷயத்தில் அவர்களுக்குள்ள பொறுப்புணர்வே தனி. “பழக்கமாயிடும் சார்” என்றார் டாக்டர். பத்து நாள் தாங்காது என்று அவரே கைவிரித்த மனிதர் பதினோராம் நாள் போதைக்கு அடிமையாகத் திரியக் கூடாதே என்ற கவலை பெற்ற தாய்க்குக்கூட வராது. பாராசிட்டமால் டிரிப் ஓடியது. மாமா விடிய விடிய முருகா முருகா என்று கத்தினார். ஆன்மிக ஆறுதலுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

1985-ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டத்தை 2014-இல் திருத்தி, அங்கீகாரம் பெறும் மருத்துவமனைகள் மார்பினை எளிதாக வாங்கி வைக்க வழி செய்தார்கள். அரசே உரிமம் கொடுத்து அபின் பயிரிடும் நாடுதான் இது. அதற்காக உட்கார்ந்து விண்ணப்பம் எழுதி நேரத்தை வீணாக்குவார்களா? அந்த நேரத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்தார்கள். பரவியது பரவியபடியே இருப்பது பளிச்சென்று தெரிந்தது.

தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தருகிறது. அதைக் கடைசிவரை எங்கள் காதில் போடவில்லை. கண்டவர்களையும் வீட்டுக்குள் விடுவானேன் என்ற அக்கறைதான்.

‘குறைகள் இருப்பின்’ என்ற கட்டத்தில் அத்தை, “நைட் டூட்டி சிஸ்டர் தங்கமான பொண்ணு, கூடவே உக்காந்திருந்தா” என்று எழுதினாள். அதையும் ஆஸ்பத்திரியின் தரத்துக்குச் சான்றாகச் சேர்த்துக்கொண்டார்கள். எதையும் வீணாக்காத நிர்வாகம்.