விலைவழு: நன்னூலார் விட்டுவைத்த எட்டாவது வழு

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை ஏழாக வகுத்து நிறுத்திவிட்டார் பவணந்தி முனிவர். அவர் காலத்தில் பில்லிங் கவுண்ட்டர் இல்லை. எட்டாவது வழு அவர் கண்ணில் படாததற்கு வேறு காரணம் இல்லை என்பதே இவ்வாய்வின் துணிபு. ரேக்கில் ஒட்டிய விலையும் பில்லில் விழும் விலையும் ஒன்றாயிருப்பது வழாநிலை. வேறாயிருப்பது விலைவழு. "சரி விடுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டுவது விலைவழுவமைதி.

களஆய்வின் மாதிரி அளவு ஒன்று. அந்த ஒருவர் ஆய்வாளரே. ஆய்வுப்பொருள், கொட்டை எடுத்த புளி, அரைக் கிலோ. ரேக்கில் 84 ரூபாய், பில்லில் 92, பாக்கெட்டின் மேல் எம்ஆர்பி 110. மாதத்தின் முதல் ஞாயிறு, மாலை 7 மணி. எனக்குப் பின்னால் ஆறு தள்ளுவண்டிகள். கடையின் பெயர் ஆய்வு நெறி கருதி மறைக்கப்படுகிறது.

இவ்வழுவின் தோற்றம் 1974 ஜூன் 26. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டிராய் என்ற ஊரின் சூப்பர் மார்க்கெட்டில், 67 சென்ட் விலையுள்ள ஒரு சூயிங்கம் பாக்கெட் முதன்முதலாக 'பீப்' என்றது. அன்றுதொட்டு ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது: அந்தக் கறுப்புக் கோடுகளுக்குள் விலை இருக்கிறது என்று. இல்லை. இருப்பது வெறும் எண்; நம் நாட்டில் பதிவான பொருள்களுக்கு 890-இல் தொடங்கும் 13 இலக்கங்கள். கோடு பொருளை அடையாளம் காட்டுவதோடு சரி. விலையைச் சொல்வது கடையின் கம்ப்யூட்டர். அதில் விலையை ராத்திரியோடு ராத்திரியாக ஒரு தட்டில் மாற்றிவிடலாம். ரேக்கில் ஒட்டிய சீட்டை மாற்ற ஒரு பையன் ஏணி போட்டு ஏற வேண்டும். ஆக, பையன் லீவு போட்ட நாளே விலைவழுவின் பிறந்தநாள்.

வழு எப்போதும் கடைக்கு லாபமாகவே விழுகிறது என்பது பரவலான கருத்து. எதிர்ச்சான்று எதுவும் என்னிடம் பதிவாகவில்லை. பில்லில் குறைவாக விழுந்த நாளில் நானும் வாயைத் திறக்காமல் வந்திருப்பேன் என்பதால் இத்தரவை அப்படியே நம்ப வேண்டாம்.

இனி விடைவகை. நன்னூல் எட்டு விடைகளைச் சொல்கிறது. "ரேக்ல 84 போட்டிருக்கே?" என்ற என் ஒரே கேள்விக்கு அவற்றில் ஏழு, நான்கே நிமிடத்தில் வந்தன. பில் போடும் பெண் திரையைக் காட்டி, "சிஸ்டம்ல இதான் சார் இருக்கு" என்றது சுட்டு. "அப்படில்லாம் இருக்காது சார்", மறை. "நல்லா பாத்தீங்களா, பக்கத்துப் பாக்கெட் விலையா இருக்கும்ல?", வினாவுக்கு வினா. "சூப்பர்வைசரைக் கேளுங்க", ஏவல். சூப்பர்வைசர் வந்து, "ஆஃபர் நேத்தோட முடிஞ்சிருச்சு" என்றது உற்றது உரைத்தல். "கேன்சல் பண்ணா முழு பில்லும் திரும்பப் போடணும், லேட்டாகும்", உறுவது கூறல். "எம்ஆர்பி 110, அதுக்குக் குறைவாத்தானே சார் போட்டிருக்கோம்", இனமொழி. எட்டாவதான நேர்விடை, அதாவது "ஆமா சார், எங்க தப்புதான்", கடைசிவரை வரவில்லை.

இவற்றுள் இனமொழி ஒன்றே ஆய்வாளனைத் தடுமாற வைத்தது. எம்ஆர்பிக்கு மேல் வாங்கினால் குற்றம் என்பது ஊரறிந்தது. அதற்குள் வாங்கினால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. விலை பற்றி மக்களைத் தவறாக எண்ண வைப்பதையும் நேர்மையற்ற வணிகம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1915-க்குப் போன் செய்து புகார் சொல்லலாம். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமே இல்லை. என் வழக்கு 8 ரூபாய்க்கு. போய்வர பஸ்ஸுக்கே அதைவிட ஆகும்.

இந்த இடத்தில் பிற தேயத்தார் கொள்கையை நோக்க வேண்டும். கனடாவில் 2002 முதல் கடைகள் தாமாக ஏற்ற ஒரு நெறி உண்டு. அதில் சேர்ந்த கடையில் ஸ்கேன் விலை கூடுதலாக விழுந்தால், 10 டாலர் வரையிலான பொருள் இலவசம். அதற்கு மேற்பட்டால் 10 டாலர் தள்ளுபடி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் 2011-இல் இதைச் சட்டமாகவே எழுதியிருக்கிறது: வித்தியாசத்தைத் திருப்பித் தருவதோடு அதைப்போல் பத்து மடங்கும் தர வேண்டும், அது 1 டாலருக்குக் குறையக் கூடாது, 5 டாலருக்கு மேல் போகாது. 8 சென்ட் ஏமாந்தவருக்குப் பத்து மடங்கு 80 சென்ட்தான் என்றாலும் ஒரு முழு டாலர் உண்டு.

அந்த டாலர் எதற்கு என்று யோசித்தேன். 8 சென்டுக்கு இல்லை. பின்னால் நிற்கும் ஆறு வண்டிக்காரர்கள் நம் முதுகை முறைக்கிறார்களே, அதற்கு. "எட்டு ரூபாய்க்கா இவ்வளவு?" என்று பக்கத்தில் நிற்கும் மனைவியே மெல்லக் கேட்கிறாளே, அதற்கு. மிச்சிகன்காரன் அந்தக் கூச்சத்துக்கு விலை போட்டிருக்கிறான். நாம் அதையும் வாடிக்கையாளர் தலையிலேயே கட்டிவிட்டு, வித்தியாசத்தைத் தந்தால் போதும் என்கிறோம்.

வித்தியாசம் கிடைத்தது. ஒரு ஐந்து ரூபாய் நாணயம், சில்லறை இல்லையென்று மூன்று மிட்டாய்.

புளி தீர்ந்து போன வாரம் மறுபடி போனேன். ரேக்கில் அதே 84. பில்லில் 96.