அளவுகோலுக்கு ஒரு வாழ்த்து

அளவுகோலே, காரைக்கால் தொடக்கப் பள்ளிகளின் சார்பில் உனக்கு ஒரு வாழ்த்து! உன் உழைப்பை யார் மறுப்பார்? 2021 நவம்பர் 12 அன்று, தேசிய அடைவு ஆய்வில், நாடு முழுவதும் சுமார் 34 லட்சம் பிள்ளைகளை ஒரே நாளில் அளந்தாய். மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளிடம் மொழி, கணக்கு, சூழ்நிலையியல் கேட்டாய். பாட்டையும் படத்தையும் தொடவே இல்லை. பிள்ளையின் குரலுக்கு மதிப்பெண் போடாத கண்ணியம் உன்னுடையது.

2024 டிசம்பர் 4 அன்று அந்த ஆய்வின் இடத்தில் பரக் ஆய்வு வந்தபோது, மூன்றாம் வகுப்புக்கு மொழியும் கணக்கும் போதும் என்றாய். முந்தைய ஆண்டுதான் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் கலைக்கு மற்றப் பாடங்களோடு சமஇடம் கொடுத்திருந்தது. நீயோ பிள்ளையின் சுமையைக் குறைத்தாய். 2015இல் தொடங்கிய கலா உத்சவ் போட்டியிலும் அதே பரிவு: ஒன்பதாம் வகுப்பு வரட்டும் என்று சின்னஞ்சிறுசுகளைக் காத்திருக்க வைத்தாய்.

கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கும் காரைக்கால் அம்மையாரின் ஊர் இது. ஆனிப் பௌர்ணமியில் பிட்சாடனர் உலா வர, மாடிகளிலிருந்து மாங்கனிகள் மழையாய் விழும். மறுநாள் வகுப்பில் ஒரு சிறுமி அதை வரைகிறாள் என்று வை. உடம்பு குச்சி, கை மட்டும் பனையோலை அகலம். "கை ஏம்மா இவ்வளவு பெருசு?" என்று டீச்சர் கேட்கிறார். அதுவரை வாய் திறக்காதவள், "பழத்தைப் பிடிக்கணும்ல டீச்சர்!" என்று தொடங்கி, அண்ணன் தோளில் ஏறிய கதைவரை சொல்லி முடிக்கிறாள்.

இத்தனைக்கும் உன் படிவத்தில் ஒரே கட்டம்: 'கலைச் செயல்பாடு நடந்தது'. ஒரு டிக், ஒரு புகைப்படம். பிள்ளை வாய் திறந்ததையே அதற்குள் அடக்கும் சுருக்கம் வேறு யாருக்கு வரும்?

எதைப் பார்ப்பதென்று தெரியாமல் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் பேசாதவள் முடிவில் எவ்வளவு பேசுகிறாள், வரைந்ததற்குக் காரணம் சொல்கிறாளா, நாடகத்தில் அடுத்தவருக்கு இடம் விடுகிறாளா என்பதையெல்லாம் டீச்சர் ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். அதற்கு அவருக்கு நேரம் கொடு, எழுதியதைப் படி, படித்ததை வைத்துக் கலை ஆசிரியரையும் வண்ணத்தையும் அனுப்பு. அன்றைக்கு உன்னைக் காரைக்கால் மனமாரப் புகழும்.