இனிப்பு யார் கணக்கில்?

கேள்வி: கோவைக் கரும்பை இனிக்க வைத்தவர் தாவரவியலாளர் ஜானகி அம்மாள்தானாமே? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: ஆண்டுக் கணக்கு உதைக்கிறதே! ஆலைக்கரும்பையும் காட்டு நாணலையும் கரும்பு ஆய்வாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் கலந்து பெற்ற கோ 205 ரகம் வயலுக்கு வந்தது 1918-இல். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் தாவரவியல் பாடம் நடத்திவிட்டு அம்மையார் கோவைக் கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கு வந்ததோ 1934-இல். பிறகு அவருக்கு என்ன பெருமை என்று கேட்பீர்கள். கலப்பினம் ஏன் பலிக்கிறது, ஏன் மலடாகிறது என்பதற்கு விடை, வேர்நுனியை நசுக்கிச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் குரோமோசோம்களை எண்ணினால்தான் கிடைக்கும். ஆலைக்கரும்புக்கு 80. பிள்ளைக்குப் பாதியைக் கொடுப்பதுதான் நியாயம். நாணலோடு சேரும்போது தாய்க்கரும்பு பெரும்பாலும் 80-ஐயும் அள்ளிக் கொடுத்துவிடுகிறது. (சொத்துத் தகராறு இல்லாத குடும்பம்!) இந்த எண்ணும் வித்தையில்தான் அம்மையார் கெட்டிக்காரர். கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும்கூடக் கலந்து பார்த்தார்.

'அதில் ஒரு கழி ஆலைக்குப் போனதா?' என்று விவசாயி கேட்பது நியாயம்தான். ஆனால் எந்த உறவு எவ்வளவு தூரம் செல்லும் என்று தெரியாமல் கலப்பது, ஜாதகம் பார்க்காத கல்யாணம் அல்ல, மாப்பிள்ளையையே பார்க்காத கல்யாணம். அந்த அறிவைத்தான் 1945-இல் குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து, பயிர்ச்செடிகளின் குரோமோசோம் எண்களைத் தொகுத்த நூலாக்கினார். கோவையில் இருந்தது சுமார் ஐந்தாண்டுதான் என்பார்கள். இருக்கட்டும், வெங்கட்ராமன் பங்கைப் பிடுங்கி அம்மையாருக்குத் தரவேண்டிய அவசியமே இல்லை.