பெரட்டு இல்லாத நாட்கள்

கப்பல் சிங்கப்பூரின் மெரினா பே துறையை விட்டு நகர்வதற்கு முன்பே எங்களை ஒரு மண்டபத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அறைச் சாவியாகவும் பயன்படும் அட்டையை நீட்டினால், ஒரு பிலிப்பைன்ஸ் பெண் அதைக் கருவியில் தொட்டுப் பெயருக்கு நேரே குறி போட்டுக்கொண்டாள். ஏழு குட்டை ஊதலும் ஒரு நீண்ட ஊதலும் கேட்டால் எல்லாரும் இதே இடத்துக்கு வந்து கூட வேண்டும். உயிர்காப்பு அங்கியைக் கட்டும் விதத்தையும் காட்டினார்கள். 2012இல் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்ததற்குப் பிறகு, இந்தப் பயிற்சியைப் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ முடித்தாக வேண்டும் என்று உலகக் கப்பல் விதியே மாறிவிட்டது.

"இதுக்குப் பேரு மஸ்டர்மா" என்றான் மகன்.

என் நாக்கில் வேறொரு சொல் வந்து நின்றது. பெரட்டு. ஐம்பது வருடத்துக்கு மேல் நான் உச்சரிக்காத சொல்.

மலேசியாவின் சிலாங்கூரில் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் நாள் பெரட்டில்தான் தொடங்கும். விடிவதற்கு முன் மணி அடிக்கும். வாளியும் உளியுமாகப் பால்வெட்டுக்காரர்கள் அலுவலக முற்றத்தில் வந்து நிற்பார்கள். கிராணி பெயர் கூப்பிடுவார், தண்டல் ஆளுக்கு ஒரு நிரை மரம் பிரித்துக் கொடுப்பார். குரல் கொடுக்காதவருக்கு அன்றைய கூலி கிடையாது. ஆங்கிலப் 'பரேடு' தமிழன் வாயில் பெரட்டு ஆகியிருக்கிறது. என் அம்மா பன்னிரண்டு வயதில் அந்த வரிசைக்குப் போனவள். காய்ச்சலானாலும் போவாள். என்னைப் பெறுவதற்கு மூன்று நாள் முன்புவரை போனாள் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார்.

கப்பல் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பியது. இரவு சாப்பிட்டுவிட்டு வந்தபோது படுக்கை மேல் மறுநாளுக்கான நிகழ்ச்சித் தாள் இருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'கடலில் ஒரு நாள்' என்ற பொருளில் ஒரு தலைப்பு. எந்தத் துறைமுகமும் கிடையாது, இறங்க வேண்டிய ஊரும் கிடையாது. நீச்சல்குளம், நடன வகுப்பு, மாலையில் ஒரு நாடகம் என்று ஒரு பட்டியல். எதற்கும் போகாமல் சும்மா இருக்கலாம் என்பதையும் ஒரு வசதியாகவே அச்சிட்டிருந்தார்கள். பேத்தி அந்தத் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு தூங்கினாள். நான் பால்கனியில் போய் உட்கார்ந்தேன்.

அறைத் தொலைக்காட்சியில் ஓர் அலைவரிசை கப்பல் இருக்குமிடத்தைப் படத்தில் காட்டிக்கொண்டே இருந்தது. மலாக்கா நீரிணை, வடமேற்குத் திசை, வேகம் 10 நாட். மணிக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய கப்பல் ஏன் இப்படி ஊர்கிறது என்று மறுநாள் காலை மகனைக் கேட்டேன். இருபதுக்கு மேல் போகக்கூடிய கப்பல்தான், வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறார்கள் என்றான். சிங்கப்பூரிலிருந்து பினாங்கு 400 கடல் மைலுக்கும் குறைவு. முழு வேகத்தில் விட்டால் மறுநாள் மத்தியானமே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் நடுவில் ஒரு முழு நாளைக் கடலுக்கென்றே விற்றிருக்கிறார்கள். வேகம் குறைந்தால் எண்ணெய்ச் செலவு அதைவிடப் பல மடங்கு குறையும் என்பது இன்னொரு காரணம்.

1970இல் எங்களை ஏற்றிப் போன ரஜூலா 12, 13 நாட் வேகத்தில் ஓடும். அதுதான் அவளால் முடிந்த முழு வேகம்.

ரஜூலா 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட நீராவிக் கப்பல். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நாற்பது வருடத்துக்கு மேல் போய்வந்துகொண்டிருந்தாள். கொள்ளளவு எண்ணாயிரத்துச் சொச்சம் டன். இன்று நான் வந்திருக்கும் கப்பல் ஒன்றரை லட்சம் டன், ஏறியிருப்பவர்கள் மூவாயிரம் பேர். அந்தச் சிறிய ரஜூலாவில் தொடக்க காலத்தில் 5,000 பேருக்கு மேல் டெக்கில் ஏற்றிச் செல்ல அனுமதி இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தார்கள். அந்தக் கப்பலைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் என் வாயில் வராது. மூன்று தலைமுறைத் தமிழர்களை முதுகில் சுமந்தவள். 1973இல் விற்கப்பட்டு ரங்கத் என்று பெயர் மாறினாள், அடுத்த வருடம் பம்பாயில் உடைத்துவிட்டார்கள். அந்தச் செய்தி தெரிந்தபோது, சொந்தக்காரர் ஒருவரின் சாவுக்குப் போகாமல் விட்டதுபோல் இருந்தது எனக்கு.

அப்பா அதே ரஜூலாவில்தான் 1937இல் வந்தார். அப்போது அவருக்குப் பதிமூன்று வயது. திருத்துறைப்பூண்டிப் பக்கத்து ஊர். நாகப்பட்டினம் டிப்போவில் பத்து நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, தாத்தாவோடு ஏற்றிவிட்டார்கள். மறுவருடமே இந்திய அரசு தோட்டக் கூலிகளை அனுப்புவதை நிறுத்திவிட்டது. முப்பத்து மூன்று வருடம் பால் வெட்டினார். 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும் என்றானது. அப்பாவிடமும் அம்மாவிடமும் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. அனுமதி கிடைக்கவில்லை. "ஊருக்குப் போறோம்" என்று அப்பா லயத்தில் எல்லாரிடமும் சொன்னார். குரலில் சந்தோஷம்கூட இருந்தது.

அம்மாவுக்கு அது எந்த ஊர்? அவள் பிறந்தது அந்தத் தோட்டத்தில். குடியுரிமைக்கு மனுப் போட வேண்டும் என்று அவளுக்குச் சொன்னவர் யாரும் இல்லை. பிறந்த மண்ணை விட்டு அவள் பார்த்தேயிராத ஒரு நாட்டுக்குப் போவதற்கு, எல்லாத் தாளிலும் 'திரும்புதல்' என்று எழுதியிருந்தது. நான் அவள் பாஸ்போர்ட்டில் ஒரு வரி.

போர்ட் ஸ்வெட்டன்ஹாமில் ஏறினோம். ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு பாய், ஒரு மைலோ டப்பா நிறைய முறுக்கு, ஒரு ஜாடி நார்த்தங்காய். டெக் டிக்கெட் என்றால் பாய் விரிக்கிற இடம்தான் நம் அறை. சரக்கு இறக்கும் பெரிய வாயை மூடிய பலகைகளின் மேல், கித்தான் பந்தலுக்குக் கீழே, எங்களுக்கு இடம் கிடைத்தது. காற்று வரும் இடம் என்று அப்பா அதற்காக ஓடி ஓடிப் பிடித்தார். அடுத்த பாய் ஒரு நகரத்தார் வீட்டுக் கணக்குப்பிள்ளை. அதற்கடுத்து நாகூருக்குப் போகும் ஒரு ராவுத்தர் குடும்பம். பாய்க்கும் பாய்க்கும் இடையே டிரங்குப் பெட்டிதான் சுவர். பினாங்கில் இன்னும் ஆட்கள் ஏறினார்கள். அதைத் தாண்டினால் நாகப்பட்டினம் வரை நான்கு நாள் கடல். சுமத்ராவின் முனையும் மறைந்த பிறகு தண்ணீர் மட்டும்.

நிகழ்ச்சித் தாளில் அச்சிடுகிற 'கடலில் ஒரு நாள்' அம்மாவுக்கு அப்படி நான்கு கிடைத்தன. அவள் அதை என்ன செய்தாள் என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன்.

முதல் நாள் விடியுமுன் எழுந்துவிட்டாள். மணி அடிக்கவில்லை. கூந்தலை முடிந்து, முக்காட்டுத் துணியைக் கட்டி, பாயில் நேராக உட்கார்ந்துகொண்டாள். எங்கே போவதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை. வெளிச்சம் வந்தது, அப்பாவுக்குக் குமட்டல் ஆரம்பித்தது. அவர் படுத்தது படுத்ததுதான், நாகப்பட்டினம் வரைக்கும் தலை தூக்கவில்லை. அம்மாவுக்குக் கடல் ஒன்றும் செய்யவில்லை. கை சும்மா இருப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பெட்டியைத் திறந்து துணியை மடித்து வைப்பாள், மறுபடி எடுத்து மடிப்பாள். ராவுத்தர் வீட்டம்மாவின் கைக்குழந்தையைக் கேட்டு வாங்கிக் குளிப்பாட்டினாள். இரண்டாம் நாள் சமையல்காரப் பண்டாரியிடம் போய், வெங்காயம் இருந்தால் கொடுங்கள், உரித்துத் தருகிறேன் என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, "போய் ஒக்காரு தாயி, சோறு தானா வரும்" என்றார். அவள் திரும்பி வந்தபோது முகம் விழுந்துபோயிருந்தது. வேலைக்கு ஆள் வேண்டாம் என்று அந்த வருடத்தில் அவள் கேட்ட இரண்டாவது குரல் அது.

இந்தக் கப்பலில் காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் இந்திய உணவுக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். இட்லி எடுத்து வைத்த பையன் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்க தஞ்சாவூர்ப் பக்கமாம்மா?" என்றான். திருத்துறைப்பூண்டி என்றேன். அவன் நாகப்பட்டினம். அப்பா மீன்பிடித் தொழில். 2004 சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்களே, அன்றைக்கு அவனுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு அவன் அம்மா அவனை மணலில்கூட இறங்க விடவில்லையாம். கேட்டரிங் படிக்கவைத்தாள். படித்தவன் வேலை தேடிக் கப்பலுக்கே வந்துவிட்டான்.

"அம்மா ஒத்துக்கிட்டாங்களா தம்பி?"

"கடலே தெரியாதும்மான்னு சொன்னேன். பொய் இல்லம்மா. எங்க ரூம் தண்ணி மட்டத்துக்குக் கீழ. ஜன்னல் கிடையாது. ஷிஃப்ட் முடிஞ்சா தூக்கம்தான். ஒன்பது மாச கான்ட்ராக்ட்ல கடலை நின்னு பாத்தது எத்தனை தடவைன்னு எண்ணிடலாம்."

ஒரு நாளில் குறைந்தது பத்து மணி நேரம் ஓய்வு என்பது கப்பல் தொழிலாளருக்கான உலகச் சட்டம். மீதிப் பதினாலு மணி நேரத்தில் எவ்வளவு வேலை என்று நான் கேட்கவில்லை. துறைமுகம் இருக்கிற நாளில் பயணிகள் இறங்கிப் போவதால் கொஞ்சம் மூச்சு விடலாம், கடல் நாள்தான் கஷ்டம், மூவாயிரம் பேரும் நாள் முழுக்க உள்ளேயே சாப்பிடுவார்கள் என்று அவனே சொன்னான். பின்னால் வரிசை நீண்டது. தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். இட்லி மெத்தென்று இருந்தது. எத்தனை மணிக்கு எழுந்து அதை அவித்தார்கள் என்ற கணக்கை என்னால் விட முடியவில்லை. பெரட்டுக்குப் போனவள் வயிற்றில் பிறந்தவளுக்கு அந்தக் கணக்கு தானாக ஓடும்.

மத்தியானம் பன்னிரண்டரைக்குப் படத்தில் பார்த்தேன். வலப்பக்கம் கிள்ளான் துறைமுகம் என்று போட்டிருந்தது. போர்ட் ஸ்வெட்டன்ஹாமின் இப்போதைய பெயர், 1972இல் மாற்றியது. நாங்கள் போனதற்கு இரண்டு வருடம் கழித்து. பால்கனிக்கு ஓடினேன். வடமேற்கே போகும் கப்பல்கள் மலேசியப் பக்கத்தை ஒட்டித்தான் போக வேண்டும் என்பது இந்த நீரிணையின் போக்குவரத்து ஒழுங்கு. அதனால் என் கண்ணுக்கு நேரே அந்தக் கரை இருந்தது. கரை என்றால் கரை அல்ல, வெயில் புகைச்சலில் நீருக்கு மேல் ஒரு சாம்பல் கோடு. சரக்குக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அந்தக் கோட்டுக்குப் பின்னால் எங்கேயோ என் தோட்டம் இருந்த நிலம். அங்கே இப்போது செம்பனை நட்டிருப்பார்கள், இல்லை வீடுகள் வந்திருக்கும்.

பேத்தி ஈரத் தலையோடு வந்து, "பாட்டி, அங்க என்ன தெரியுது?" என்றாள்.

"எங்க அம்மா ஊரு."

"இந்தியாவா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் நீச்சல்குளத்துக்குத் திரும்பி ஓடினாள். மெதுவாகப் போகும் கப்பலுக்கு நான் நன்றி சொன்ன ஒரே நேரம் அதுதான். அந்தச் சாம்பல் கோடு முக்கால் மணி நேரம் என் கூடவே வந்தது. அம்மாவுக்கு அது இப்படி நின்று கிடைக்கவில்லை. கப்பல் கிளம்பிய சாயங்காலம் அவள் அப்பாவுக்காகப் பாய் விரித்துக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டுவிடும். படகில் இறங்கித்தான் போக வேண்டும். அப்பாவின் ஊரில் அம்மாவுக்குக் களை பறிக்கிற வேலை கிடைத்தது. நாற்பது வருடம் செய்தாள். மலேயாக்காரி என்றுதான் கடைசிவரை ஊரில் அவளுக்குப் பெயர். அதெல்லாம் பிறகு நடந்தவை.

ரஜூலாவில் நான்காவது நாள். அலை அடங்கி, தண்ணீர் எண்ணெய்போல் கிடந்தது. நான் ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிவிட்டு வந்தேன். பட்டப்பகல். அம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முக்காட்டுத் துணி அவிழ்ந்து கித்தான் நிழலில் பறந்துகொண்டிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. அதுவரை பகலில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை. பத்து வயதுப் பெண்ணுக்கு அது தூக்கமாகத் தோன்றவில்லை. நெஞ்சு அடைத்துக்கொண்டது. குனிந்து அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன்.

மூச்சு சூடாக வந்தது.

சோற்று மணி அடித்தது. டெக் முழுக்க எழுந்து ஓடியது. நான் அவளை எழுப்பவில்லை. எங்கள் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றேன்.