ஹாய் மக்களே, கோவிந்தா!

திருமலைக்குப் போய்வந்தவரிடம் முன்பெல்லாம் "தரிசனம் நல்லா கிடைச்சுதா?" என்று கேட்பார்கள். இப்போது "வீடியோ போட்டாச்சா?"

அலிபிரி பாதையில் 3,550 படிகள். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, குனிந்து நிமிர்ந்து ஒரு மாமி ஏறுகிறார். அவருக்கு இரண்டு படி மேலே ஒரு தம்பி, செல்ஃபி ஸ்டிக்கைத் தூக்கிப் பிடித்தபடி, "ஹாய் மக்களே!" என்று பின்புறமாக ஏறுகிறான். பேச்சு தடுமாறினால் இறங்கிவந்து மறுபடி அதே படி. அதிகப்படியாக ஏறியதெல்லாம் புண்ணியக் கணக்கில் சேருமா என்பது பெருமாளுக்கே வெளிச்சம்.

2024-இல் தமிழ்நாட்டு யூடியூபர் கோஷ்டி ஒன்று, திருமலையில் தரிசனக் காத்திருப்பு அறைக் கதவைத் திறக்கப்போகும் ஊழியர்போல நடித்தது. மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் நம்பி எழுந்து ஓடிவர, இவர்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். பக்தனின் கால்வலியும் கண்டென்ட்தான். தேவஸ்தானம் கண்டித்தது.

இத்தனை பாடும் சேனல் வளரத்தான். சித்தூர் பக்கம் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரோ ஆண்டுக்காண்டு வளர்கிறார் என்பது நம்பிக்கை. ரீல்ஸ் எதுவும் போடாமலே!

ஏழுமலையான் சன்னதிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. "ஜரகண்டி" (நகருங்கள்) என்ற தள்ளலுக்கு நடுவிலும் அங்கே இன்னும் சிலர் சாமியைப் பார்ப்பது அதனால்தான்.